ஓசூரில் தக்காளி பறிக்காத சித்தப்பா

போன பிப்ரவரியில் மூன்று நாள் ஓசூர் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. வயதானவர்கள் உடற்பயிற்சி செய்வதற்காக நாங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ கேமை, நிஜமான வயதானவர்களிடம் கொடுத்துப் பார்க்கப் போனேன். சேலத்தில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. நாங்கள் நாலு பேர். முழங்கால் வலி என்றால் என்னவென்றே தெரியாத நாலு பேர் உட்கார்ந்து முழங்கால் வலிக்காரர்களுக்கு விளையாட்டு செய்தால் அது எந்த லட்சணத்தில் இருக்கும்? அதனால்தான் இந்தப் பயணம்.

இதே மாதிரி வேலையாக, அது கேமோ யோகா வகுப்போ நடைப்பயிற்சிக் குழுவோ, ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று பேருந்து, தூரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுவில் ஒரு நாள் நான் பயந்து செத்த கதையும் வரும். இப்போது நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால் நீங்களும் பதற்றப்படாமல் படிக்கலாம்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு ஓசூர் வண்டி ஏறினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். என்னிடம் 165 ரூபாய் வாங்கினார்கள். பத்தே காலுக்கு இறங்கிவிட்டேன். தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்தால் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஸ்வெட்டர் தேவையில்லை, தாண்டியதும் தேவைப்படும். நான் பையின் அடியில் வைத்திருந்தேன். அடியில் வைக்காதீர்கள்.

லேப்டாப், கேமரா, சின்ன புரொஜெக்டர், மூன்று கால் ஸ்டாண்டு என்று மடியிலும் காலடியிலும் சாமான். கண்டக்டர் ஸ்டாண்டை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னாம்மா, கல்யாண வீடியோவா?"

"இல்லண்ணா. வயசானவங்க எக்சர்சைஸ் பண்றதுக்கு ஒரு வீடியோ கேம். அதுக்குத்தான்."

"அவங்க எதுக்கும்மா வெளயாடணும்? எங்கள ஒரு நாளு ஒக்கார வெச்சு வெளயாட உடுங்க. காலையிலருந்து நின்னுக்கினே வர்றோம்."

நியாயமான பேச்சு. எங்கள் அடுத்த கேமுக்கு யோசனையாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஓசூரில் தங்கியது சித்தப்பா வீட்டில். பேருந்து நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். ஆட்டோக்காரர் வழியில் ஒரே போன் அழைப்பில் மனைவியிடம் தெலுங்கிலும், குறுக்கே வந்த வண்டிக்காரரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசிக்கொண்டே வந்தார். மூன்றிலும் ஒரே கோபம்.

சித்தப்பா பெயர் மாதப்பன். அப்பாவின் தம்பி. வயது அறுபத்தேழு. கார் கம்பெனிகளுக்குத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பிரெஸ் மெஷின் ஓட்டினார். முப்பது வருஷம் அதே வேலை. இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டும் மெஷின் அது. ஓய்வு பெற்றதும் தொரப்பள்ளிப் பக்கம் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து பீன்ஸ் போட்டிருக்கிறார். தினமும் விடிந்ததும் மொபெட்டில் போய்விட்டு இட்லி வேளைக்குத் திரும்புவார்.

அந்த மொபெட்தான் வீட்டில் ரகளை. அவருடைய மகன், என் தம்பி முறை, பிரபு. பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். அப்பா வண்டியை விற்றுவிட்டு அம்மாவோடு அங்கே வந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. "அங்க வந்து லிஃப்ட்ல ஏறி ஏறி எறங்கறதா எனக்கு வேல?" என்பது இவர் கட்சி. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவரை வண்டி. ஏதாவது ஒன்று என்று டாக்டர் வாயில் வந்துவிட்டால் அன்றைக்கே வண்டியை விற்றுவிட்டுப் பெங்களூர். இந்த ஒப்பந்தத்தை நான் போய் இறங்கிய அன்று வள்ளி சித்தி காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். நான் பாதி கவனத்தோடு கேட்டேன், மீதி கவனம் முறுக்கில் இருந்தது.

சோதனைக்கு அவர்கள் குடியிருப்பின் சங்கக் கூடத்தை எடுத்திருந்தேன். அரை நாளைக்கு 500 ரூபாய், நாற்காலிகள் சேர்த்து. கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். கை வைத்த நாற்காலிதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். நீங்களும் கேளுங்கள். ஆளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். தடுமாறினால் பிடிக்க ஒரு கை வேண்டும்.

எங்கள் கேமின் பெயர் 'தோட்டம்'. திரையில் ஒரு தோட்டம் தெரியும். கேமரா உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே மாங்காய் தொங்கினால் கையைத் தூக்கிப் பறிக்க வேண்டும். பக்கத்தில் கத்தரிக்காய் காய்த்தால் இடுப்பை வளைத்துப் பறிக்க வேண்டும். நெஞ்சுக்கு நேராகத் தக்காளி பழுத்தால் இரண்டு கையையும் நீட்டிப் பறிக்க வேண்டும். இதில் தக்காளிதான் எங்கள் செல்லப் பிள்ளை. பார்வை மங்கியவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று அதைப் பளிச்சென்று சிவப்பாக மின்ன விட்டிருந்தோம். காது மந்தமானவர்களுக்கும் கேட்கும்படி கூடவே ஓங்கி 'பீப்' என்று ஒரு சத்தம். இந்த யோசனைக்காக நாங்கள் நாலு பேரும் எங்களையே பாராட்டிக்கொண்டு அன்று பிரியாணி சாப்பிட்டோம்.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்குப் பத்து பேர் வந்தார்கள். ஆரம்பமே கூத்து. குரல் பதிவு எங்களிடம் தமிழிலும் கன்னடத்திலும்தான் இருந்தது. தெலுங்குக்கு ஆள் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கன்னடம் போடு என்று நாலைந்து பேர் கேட்டதால் மாற்றினேன். "எடக்கே பாகு, பலக்கே பாகு" என்று குரல் சொன்னது. இடது பக்கம் வளை, வலது பக்கம் வளை என்று அர்த்தம். கன்னடக்காரர்கள் வளைந்தார்கள். குப்பம் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த லட்சுமம்மா மட்டும் நிமிர்ந்து நின்று சிரித்தார். தெலுங்கில் 'பாகு' என்றால் நன்று. குரல் பாகு, பாகு என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் நிமிர்ந்தார்.

"பாகுந்தா? நான் நல்லா பண்றனா?" என்று என்னைக் கேட்டார். இருந்த இடத்திலிருந்து அவர் அசையவே இல்லை.

"எனக்கு வெல்லப் பாகு ஞாபகம்தான் வருது," என்றார் சித்தி.

ஒரே வார்த்தை ஒரு கூடத்துக்குள் மூன்றாகப் பிரிந்துவிட்டது. சிரித்து முடித்துத் தமிழுக்கே மாற்றினேன். ஆனால் இந்தக் கூத்து என் மண்டையில் ஒரு தப்பான முடிச்சைப் போட்டுவிட்டது. இனி யார் தடுமாறினாலும் அது மொழிப் பிரச்சினைதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. சித்தப்பாவின் பழைய கம்பெனி நண்பர் முனிராஜ் அண்ணன் வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாங்காய் பறித்தார், கத்தரிக்காய் பறித்தார், தக்காளி வந்தால் மட்டும் பின்வாங்கி, "வத்தும்மா, அது வத்து" என்றார். வேண்டாம் என்று சொல்கிறார். குரல் சொன்னது அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது, தெலுங்குக் குரல் சீக்கிரம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த ஆள் சித்தப்பா.

மாங்காய்களை மளமளவென்று பறித்தார். பக்கத்தில் நின்ற சித்தியைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தார். அப்போது தக்காளி மின்னியது. நீட்டிய இரண்டு கையும் சட்டென்று நெஞ்சுக்கு வந்தன. அப்படியே நின்றுவிட்டார். கண் திரையில் குத்திட்டு நிற்கிறது, இமை கொட்டவில்லை, ஆள் அசையவில்லை. இரண்டு விநாடி. தக்காளி மறைந்ததும் எதுவும் நடக்காதது போல மாங்காய்க்குக் கையைத் தூக்கினார். அடுத்த தக்காளிக்கும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே.

"ஏன் சித்தப்பா, தக்காளி தெரியலையா?"

"தெரியுது பாப்பா. கை போவ மாட்டேங்குது."

"போவ மாட்டேங்குதுன்னா?"

"தெரியல. போவல, அவ்ளோதான்."

இந்த கேமுக்காக ஒரு வருஷமாக முதுமை, நரம்பு, மூளை என்று கண்டதையும் படித்து வைத்திருக்கிறேன். நடந்துகொண்டே இருப்பவர்கள் திடீரென்று உறைந்து நிற்கும் நோய் ஒன்று, சில விநாடி நினைவு அறுந்துபோகும் நோய் ஒன்று என்று அரைகுறையாகத் தெரியும். அரைகுறையாகத் தெரிவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நானே சாட்சி. முனிராஜ் அண்ணனுக்கு மொழிப் பிரச்சினை என்று முடிவு கட்டியவள், சொந்தச் சித்தப்பாவுக்கு மூளையில் பிரச்சினை என்று முடிவு கட்டினேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. கேமரா பதிவை வீட்டில் சித்தியிடம் காட்டினேன். சித்தி மூன்று தடவை பார்த்தார். எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த மொபெட் சாவியை எடுத்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். பிரபுவுக்கு போன் போனது. நாளைக்கே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவன் குதித்தான். முதலில் டாக்டர் பார்க்கட்டும் என்று அவனை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்தப்பா ஆணியைப் பார்த்தார், சித்தியின் முந்தானையைப் பார்த்தார், டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். சங்கக் கூடத்துக்குக் கூப்பிட்டு விளையாட்டு காட்டிய பெண்ணே தன் வண்டியைப் பிடுங்கிவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கிருஷ்ணகிரி. ஓசூரிலேயே பெரிய ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருக்கின்றன. "இங்க பாத்தா கம்பெனி ஆளுங்க எவனாச்சும் பாப்பான். சாயங்காலத்துக்குள்ள எனக்கு மண்டையில கட்டின்னு ஊரெல்லாம் சொல்லிருவான்," என்று சித்தப்பா மறுத்துவிட்டார். சித்தியின் பிறந்த ஊர் கல்லாவி. அவர் அக்காவுக்கு வைத்தியம் பார்த்த நரம்பு டாக்டர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் கிருஷ்ணகிரி கிளினிக்கில் உட்காருவார். நல்ல வேளையாக அன்று அந்த நாள்.

ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு 52 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும் கம்பெனி பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். நாங்கள் எட்டுக்கே கிளம்பி ஊர்ந்துகொண்டே போனோம். சூளகிரி தாண்டும்வரை சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "பீன்ஸுக்கு இன்னிக்குத் தண்ணி உடணும்," என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

கிளினிக்கில் டோக்கன் பதினெட்டு. ஆலோசனைக் கட்டணம் 500. டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்தார். மூக்கைத் தொடு, விரலைத் தொடு, கோட்டில் நட, கண்ணை மூடி நில். சித்தப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லையே என்றார் டாக்டர். நான் லேப்டாப்பில் பதிவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தவர் முகம் மாறியது.

"இந்த ரெண்டு விநாடி என்னன்னு எனக்கும் புரியல. ஒரு ஸ்கேன் எடுத்துரலாம்மா. பாத்துட்டா நமக்கும் ஒரு தெளிவு."

ஸ்கேன் சென்டரில் இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். மணி பன்னிரண்டு. ஸ்கேன் என்ற சொல் போனில் பிரபு காதுக்குப் போனதும் வண்டியை வாங்க அவன் நண்பன் ஒருவன் தயாராக இருக்கும் செய்தி வந்தது. சித்தி கிளினிக் வாசல் பெஞ்சில் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நானும் சித்தப்பாவும் எதிரில் இருந்த கரும்புச் சாறு கடைக்குப் போனோம். கிருஷ்ணகிரி வெயில், வேறென்ன செய்வது?

மோட்டாரில் ஓடும் மெஷின். கடைக்காரர் கரும்பைச் செருகிவிட்டு ஐஸ் எடுக்கத் திரும்பினார். பணம் கட்டும் க்யூஆர் அட்டையை உருளைகளுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தார். நான் போனை நீட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அவர் சுவிட்சைப் போட்டார். மெஷின் மேல் ஒரு சிவப்பு பல்ப் எரிந்தது.

படாரென்று என் மணிக்கட்டில் ஓர் அடி. போன் பறந்து போய் எலுமிச்சைக் கூடையில் விழுந்தது.

"சிவப்பு எரியுதில்ல, கைய எடு!"

கத்தியது சித்தப்பா. என்னைத் தட்டிவிட்ட கை அதற்குள் அவர் நெஞ்சுக்குத் திரும்பியிருந்தது. இன்னொரு கையும் அங்கேதான் இருந்தது. கண் பல்பைக் குத்திட்டுப் பார்க்கிறது, இமை கொட்டவில்லை. நேற்று கூடத்தில் நின்ற அதே நிலை, அச்சு அசலாக.

"ஏங்க, உருளை இந்தப் பக்கம், அட்ட அந்தப் பக்கம். கையெல்லாம் மாட்டாதுங்க," என்றார் கடைக்காரர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

எனக்கு மணிக்கட்டு எரிந்தது. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று கலகலவென்று அவிழ்ந்தது. இவ்வளவு வேகமான கைக்கா வியாதி?

"சித்தப்பா, உங்க கம்பெனி மெஷின்ல சிவப்பு விளக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? நல்லா கேட்ட போ. அச்சு எறங்கறப்ப சிவப்பு எரியும், பீப்புன்னு கத்தும். எரிஞ்சா ரெண்டு கையும் நெஞ்சுக்கு வந்துரணும். அணையற வரைக்கும் அசையக் கூடாது. மொத நாளே சூப்பர்வைசர் பின்னால நின்னு முதுவுல தட்டித் தட்டி பழக்குவாரு. என் பேட்ச்ல பதினோரு பேரு. அதுல நாலு பேருக்கு வெரலு இல்ல." இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "நான் பத்தோட வந்தவன் பாப்பா. நானும் முனிராஜும்."

முனிராஜும்! சிவப்பாக மின்னும் தக்காளி. பீப் சத்தம். அதுவும் சரியாக நெஞ்சுக்கு நேரே. நாங்கள் நாலு பேர் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடிய யோசனை, ஓசூரில் பிரெஸ் மெஷின் ஓட்டியவர்களுக்குக் 'கையை எடு' என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கை நீட்டாததற்கு மார்க்கையும் குறைத்திருக்கிறது. காரணம் அவருக்கே தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது.

சாறைக் குடிக்காமல் (டம்ளர் 25 ரூபாய், நன்றாக இருந்திருக்கும்) கிளினிக்குக்கு ஓடினேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து தக்காளியைப் பச்சையாக்கினேன், மின்னுவதை எடுத்தேன், பீப்பை எடுத்தேன். பழுக்காத தக்காளி, பார்க்கச் சகிக்கவில்லை, பரவாயில்லை. பதினெட்டாம் டோக்கன் மறுபடியும் உள்ளே போவதா என்று சண்டைக்கு வந்த பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டு, டாக்டர் அறைக்குள் நுழைந்து மேஜையிலேயே லேப்டாப்பை வைத்தேன்.

சித்தப்பா நின்றார். பச்சைத் தக்காளி வந்தது. இரண்டு கையும் நீண்டன. பறித்தார். அடுத்ததைப் பறித்தார். ஒன்றுகூட விடவில்லை. கதவு இடுக்கில் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று டோக்கன்கள் எட்டிப் பார்த்தன. பிறகு பழைய சிவப்புத் தக்காளியைப் போட்டேன். பீப். கை நெஞ்சுக்கு வந்தது, ஆள் உறைந்தார். இந்த முறை உறைந்தபடியே சிரித்தார்.

"ஐயா, கொஞ்சம் கஷ்டப்பட்டு அதைப் பறிங்க பாப்போம்," என்றார் டாக்டர்.

சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டி, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவது போலத் தொட்டு எடுத்தார். டாக்டர் அம்மா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். கேள்விகள் கேட்டார், கையைக் காலை மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு ஸ்கேன் சீட்டில் ஒரு கோடு போட்டார்.

"இது வேண்டாம். பிரஷர் மட்டும் மாசாமாசம் பாத்துக்கோங்க. வண்டி ஓட்டறீங்களா?"

"ஓட்டறேங்க," என்றார் சித்தப்பா.

"சிவப்பப் பாத்தா நிக்கிறவர்தானே? தாராளமா ஓட்டுங்க."

சித்தி அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நேற்று ஆத்திரத்தில் இறுக்கிப் போட்ட முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் கூடவே அழுதேன். சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போய் மூன்று டம்ளர் கரும்புச் சாறு வாங்கி வந்தார். பிரபுவிடம் அவரே பேசினார். "டாக்டரு உன்ன வந்து லிஃப்டுல ஏறி எறங்கிப் பழகச் சொன்னாங்கடா, எனக்கு ஒண்ணுமில்ல," என்று ஆரம்பித்தார். அவன் அந்தப் பக்கம் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். திரும்பும் பேருந்தில் சித்தப்பா பேச்சை நிறுத்தவே இல்லை. பக்கத்து சீட்காரர் இறங்கும் இடத்தைத் தவறவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மறுபடியும் கூடம். இன்னொரு 500 ரூபாய், சந்தோஷமாகக் கொடுத்தேன். முனிராஜ் அண்ணன் பச்சைத் தக்காளியை அள்ளிக் குவித்தார். தெலுங்குக் குரல் இல்லாமலேயே. அவர் மொழியில் எந்தக் குறையும் இல்லை, என் புத்தியில்தான் இருந்தது. முந்தின இரவே ஒரு புதுச் சுற்று செய்து வைத்திருந்தேன். காய் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டு கையும் நெஞ்சுக்கு வர வேண்டும், வந்தால் ஒரு பாய்ண்டு, நேரம் தவறினால் அவுட். நீட்டுவது எவ்வளவு பயிற்சியோ, சட்டென்று நிறுத்துவதும் அவ்வளவு பயிற்சி என்று எங்களுக்கு உதவும் பிசியோதெரபி பெண் போனில் சொன்னாள். சித்தப்பாவையும் முனிராஜ் அண்ணனையும் அந்தச் சுற்றில் யாராலும் அசைக்க முடியவில்லை. முந்தாநாள் எல்லாத் தக்காளியையும் பறித்து முதலிடம் வாங்கிய சித்தி முதல் விளக்கிலேயே அவுட்.

"கைய எடுக்கணும் வள்ளி," என்றார் சித்தப்பா, பெருமை தாங்காமல்.

"நாப்பது வருசமா எங்க அடுப்பும் சிவப்பாத்தான் எரியுது. கைய எடுத்துட்டு நின்னா நீங்க என்னாத்த சாப்பிட்டிருப்பீங்க?"

கூடமே சிரித்தது. லட்சுமம்மா, "பாகு செப்பினாவு!", நன்றாகச் சொன்னாய், என்று கைதட்டினார். இந்த முறை வார்த்தை எல்லோருக்கும் ஒரே அர்த்தத்தில் புரிந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓசூர்ப் பக்கம் பெரியவர்களோடு வேலை என்றால் சோதனையைக் காலை பத்துக்கு மேல் வையுங்கள். தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் போய்த் திரும்பியிருப்பார்கள். குளிரில் மூட்டு பிடித்துக்கொள்வதும் விட்டிருக்கும். மூன்று மொழிக் குரல் இல்லாவிட்டால் குரலே வேண்டாம், நீங்களே முன்னால் நின்று செய்து காட்டுங்கள். கூட வந்தவர் யாராவது பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் என்னைப் போல நீங்களே நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். நான் போனதில் வருத்தமே இல்லை. எங்கள் படிவத்தில் வயது, எடை, சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி என்று எல்லாம் கேட்டிருந்தோம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது அதுதான் முதல் கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது, சித்தப்பா அந்த மெஷின் முன்னால் எப்படி நின்றார் என்பதை முதல் முறையாக அந்தக் கரும்புச் சாறு கடையில்தான் பார்த்தேன்.

அன்று மதியம் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே என்னை மொபெட்டில் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனார். மடியில் லேப்டாப், தோளில் ஸ்டாண்டு, முன்னால் ஒரு பை பீன்ஸ். பேருந்து நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை அழகாக நிறுத்தி, காலை ஊன்றி, ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். பக்கத்து லாரிக்காரர் குனிந்து பார்த்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சித்தப்பா! என்ன ஆச்சு?"

அவர் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"பாய்ண்டு ஏறுதா பாரு பாப்பா."